ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல உக்காரப் போற பாஸ்டருக்கு

பாஸ்டரல் கேர், அதாவது நோயில துக்கத்துல இருக்கறவங்க கூட ஒரு பாஸ்டர் எப்படி இருக்கணும்ங்கற கிளாஸ், அத எடுக்க ஆரம்பிச்சதுல இருந்து வருஷா வருஷம் முதல் நாள் ஒரே கேள்விதான் வருது, "ஐயா, அங்க போய் என்ன பேசணும்?" கிரேக்கம் கொஞ்சம் எபிரெயம் கொஞ்சம் படிச்சிருப்பாங்க, கூட்டத்துக்கு முன்னாடி மைக் புடிச்சு நாப்பது நிமிஷம் பிரசங்கம் பண்ணிடுவாங்க, ஆனா சாகக் கிடக்கிற ஒருத்தர் பக்கத்துல பத்து நிமிஷம் உக்காருப்பான்னா நாக்கு மேல்வாயோட ஒட்டிக்கும். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. இத்தனை வருஷம் சபையும் பாத்து கிளாஸும் எடுத்த பிறகும் சில ரூம் வாசல்ல நின்னா எனக்கே வயித்தப் பிசையும்.

நான் பாஸ்டரா போன முதல் வாரம் நடந்தது இது. சபையில ஒரு பெரியவர், கேன்சர், கடைசி ஸ்டேஜ். போய் நின்னேன், உக்காரல, நின்னேன், அதுவே முதல் தப்பு. அவர் என் முகத்தையே பாத்து, "தம்பி, நான் பொழைக்க மாட்டேன்ல?"ன்னு கேட்டார். "ஐயோ அப்படிலாம் பேசக்கூடாது ஐயா, கர்த்தரால ஆகாதது ஒண்ணுமில்ல, ஜெபிப்போம்"னு சொல்லி படக்குனு கண்ண மூடிட்டேன். நல்லா நீளமா ஜெபிச்சேன். ஆமென் சொல்லி கண்ணத் திறந்தா மனுஷன் சுவர் பக்கமா திரும்பிப் படுத்திருக்கார். நாலு நாள்ல போயிட்டார். பயமா இருக்குன்னு சொல்ல வந்தாரா, மகன்கிட்ட ஏதாச்சும் சொல்லச் சொல்ல வந்தாரா, இல்ல "நான் ரெடிதான் தம்பி, இவங்கதான் அழுதுகிட்டே இருக்காங்க"ன்னு சொல்ல வந்தாரா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, ஏன்னா நான் கேக்கவே இல்ல, ஜெபத்துக்குள்ள ஓடிப் போய் ஒளிஞ்சுகிட்டேன்.

அதுக்கப்புறம் நான் கத்துகிட்டதும் சரி கத்துக்குடுக்கறதும் சரி, சுத்திச் சுத்தி இந்த ஒரு இடத்துலதான் வந்து நிக்குது: பாஸ்டர் எந்த நிமிஷத்துல பயந்து ஓடுறார்னு கண்டுபிடிக்கணும். ஓடுறதுக்கு நம்மகிட்ட நிறைய வழி இருக்கு, வசனம், ஜெபம், அட்வைஸ், சாட்சி, ஜோக், வாட்ச் பாக்கறது. மத்தவங்க ஓடுனா ஓடுறாங்கன்னு தெரிஞ்சிடும், நாம ஓடுனா பக்தி மாதிரி தெரியும், அதான் சிக்கலே. கீழ இருக்கற எல்லாத்தையும் அந்தக் கண்ணோட படிங்க.

போறதுக்கு முன்னாடி

சின்ன விஷயங்கள முதல்ல முடிச்சிடுறேன். வீட்டாள் ஒருத்தருக்கு போன் பண்ணி, இப்ப வந்தா சரியா இருக்குமான்னு கேளுங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் நேரம், சாப்பாட்டு நேரம் ரெண்டும் வேண்டாம். உங்களுக்கு சளி இருமல் இருந்தா போகவே போகாதீங்க, போன்ல பேசுங்க, கீமோ எடுக்கறவங்களுக்கு உங்க சளி சின்ன விஷயம் இல்ல. உள்ள போகும்போதும் வெளிய வரும்போதும் கை கழுவுங்க, சென்ட் அடிக்காதீங்க, போன சைலன்ட்ல இல்ல, ஆஃப்லயே போட்டுடுங்க. வைப்ரேட் ஆகும்போது உங்க கண்ணு பாக்கெட்டுக்குப் போறத படுத்திருக்கறவர் பாத்துகிட்டேதான் இருப்பார்.

பெரிய விஷயம் என்னன்னா, வண்டிய நிறுத்திட்டு ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து, "இந்த ரூம்ல எனக்கு எது பயம்?"னு உங்களையே கேளுங்க. என் கிளாஸ்ல ஒரு பையன் இருந்தான், எல்லா வார்டுலயும் அருமையா கேப்பான், ஆனா ஒரு வயசு தாண்டுன அம்மாக்கள் கட்டில் பக்கம் போனா மட்டும் மூச்சு விடாம பேசுவான், அவனுக்கே அது தெரியல, விசிட்ல பேசினத எழுதிக் குடுக்கற பேப்பர மூணாவது தடவ எழுதும்போதுதான் அவனோட அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகலன்னு கிளாஸ்ல சொன்னான். சொன்ன பிறகு பேச்சு தானா குறைஞ்சது. நம்ம காயம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுகிட்டு உள்ள போறதுக்கும், தெரியாம போய் அங்க இடிச்சுக்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

கதவுகிட்ட

தட்டுங்க. பேர் சொல்லுங்க. "இப்ப வரலாமா, இல்ல அப்புறமா வரட்டுமா?"ன்னு நெஜமாவே கேளுங்க. ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவருக்கு வேண்டாம்னு சொல்ற உரிமை அநேகமா எதுலயுமே இருக்காது, ஊசி குத்துறாங்க, ரத்தம் எடுக்கறாங்க, நடுராத்திரி எழுப்பி பிரஷர் பாக்கறாங்க. அங்க அவர் தைரியமா வேண்டாம்னு சொல்லக் கூடிய ஒரே ஆளா நீங்க இருக்கலாம். "இன்னைக்கு வேண்டாம் பாஸ்டர்"னு சொன்னா மூஞ்சியத் தூக்காம, "சரிங்க, வியாழக்கிழமை எட்டிப் பாக்கறேன்"னு சொல்லிட்டு வந்துடுங்க. என் கணக்குல அதுவும் நல்ல விசிட்தான்.

தூங்கிட்டு இருந்தா எழுப்பாதீங்க, ஒரு சீட்டுல ரெண்டு வரி எழுதி வச்சிட்டு வாங்க. உள்ள போனா நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க, கட்டில்ல உக்காராதீங்க, ஆபரேஷன் பண்ணவருக்கு மெத்தை அசைஞ்சாலே வலிக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்தா வெளிச்சம் அவர் கண்ணுல அடிக்கும், உங்க முகம் இருட்டாத் தெரியும், அதனால கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உங்க கண்ணும் அவர் கண்ணும் ஒரே மட்டத்துல இருக்கணும். தண்ணி கேட்டா நர்ஸ்கிட்ட கேக்காம குடுக்காதீங்க, எதுவும் வாய்ல படக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கலாம். ஃபைல எடுத்துப் புரட்டாதீங்க. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள்னா பத்து நிமிஷம் போதும்.

என்ன பேசறது

"எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டா "நல்லாருக்கேன் பாஸ்டர், கர்த்தர் கிருபை"ன்னுதான் பதில் வரும், மூக்குல டியூப் இருந்தாலும் அதேதான். பாஸ்டர்கிட்ட நல்லாருக்கேன்னு சொல்லணும்னு எல்லாருக்கும் மனசுல பதிஞ்சு போயிருக்கு. நான் கேக்கறது "ராத்திரி எப்படிப் போச்சு?" பகல்ல ஆள் நடமாட்டம் இருக்கு, பேச்சுத் துணை இருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் எல்லா பயமும் வரிசையா வந்து நிக்கும். இந்தக் கேள்வியக் கேட்டுட்டு வாய மூடிக்கணும். பதில் வர பத்து செகண்ட் ஆகலாம், அந்தப் பத்து செகண்ட் ஒரு மணி நேரம் மாதிரி இருக்கும், பரவால்ல, இருங்க.

வேதத்துல எல்லாத்தையும் இழந்து நோயில உக்காந்திருந்த யோபுவோட சிநேகிதர்கள எல்லாரும் திட்டுவாங்க, நான் கிளாஸ்ல முதல்ல அவங்களப் பாராட்டுவேன். ஏழு நாள் ஏழு ராத்திரி ஒரு வார்த்தை பேசாம தரையில கூடவே உக்காந்திருந்தாங்களே, நம்மள்ல யாரு அதுல பாதி செஞ்சிருக்கோம்? நாலாவது அதிகாரத்துல எலிப்பாஸ் வாயத் திறந்தார், அங்க பிடிச்ச சனி, பதினாறாவது அதிகாரத்துக்குள்ள "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்"னு பேர் வாங்கிட்டாங்க. பர்திமேயு கதையையும் பாருங்க, குருடன்னு ஊருக்கே தெரியுது, அப்பவும் இயேசு "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்"னு கேக்கறார். தெரிஞ்சதையும் கேக்கணும், அவர் வாயால வரணும்.

சொல்லவே கூடாத வார்த்தைகள் கொஞ்சம் இருக்கு, "எல்லாம் நன்மைக்கே", "கர்த்தருக்கு ஒரு திட்டம் இருக்கும்", "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது", "இத்தோட போச்சேன்னு நினைச்சுக்கோங்க", "பக்கத்து வார்டுல ஒருத்தர் இருக்கார், அவரப் பாத்தா நீங்க எவ்வளவோ மேல்", அப்புறம் எல்லாத்துக்கும் மேல "விசுவாசம் கொஞ்சம் குறையுதோ?" இந்தக் கடைசிய சொன்ன ஆளுக்கு ஒரு மாசம் விசிட் போக நான் பெர்மிஷன் குடுக்க மாட்டேன். இதெல்லாம் படுத்திருக்கறவருக்கு ஆறுதல் இல்ல, நிக்கறவரோட படபடப்ப அடக்கற மாத்திரை.

வெர்பேட்டிம் எழுதறது

விசிட் முடிஞ்சதும் அங்க பேசினத வார்த்தைக்கு வார்த்தை எழுதிப் பாக்கறதுதான் வெர்பேட்டிம். இங்கதான் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா எனக்குத் தெரிஞ்சு இத விட நல்ல வாத்தியார் கிடையாது.

கதை ஒரு மனநல ஆஸ்பத்திரியில ஆரம்பிக்குது. ஆன்டன் பாய்சன்னு ஒரு அமெரிக்கப் போதகர், 1876ல பொறந்தவர், 1920ல கடுமையான மனநோய் வந்து அட்மிட் ஆனார். உள்ள படுத்திருக்கும்போது அவருக்கு உறைச்சது, இங்க இருக்கற ஆளுங்களோட போராட்டம் பாதிக்கு மேல ஆத்துமா சம்பந்தப்பட்டது, ஆனா ஒரு போதகருக்கும் இவங்கள எப்படிப் பாக்கணும்னு யாரும் சொல்லித் தரலையேன்னு. வெளிய வந்து 1924ல மாசசூசெட்ஸ்ல வூஸ்டர் மனநல மருத்துவமனையில சாப்ளினா, அதாவது ஆஸ்பத்திரிப் போதகரா சேர்ந்தார், 1925 கோடையில இறையியல் மாணவர்கள் சில பேர வார்டுக்குள்ளயே கூட்டிட்டு வந்து படிக்க வச்சார். புஸ்தகத்தப் படிக்கற மாதிரி மனுஷனையும் கவனமாப் படிக்கணும், ஒவ்வொருத்தரும் உயிருள்ள ஏடுன்னு சொன்னார். நோயாளியா படுத்தவரே வாத்தியாரானதுதான் இந்தப் படிப்போட பூர்வீகம், எனக்கு இதுல ஒரு சந்தோஷம். அவருக்குத் துணையா நின்னவர் ரிச்சர்ட் கேபட்ங்கற டாக்டர், மருத்துவ மாணவர்களுக்கு ஒவ்வொரு கேஸா எடுத்து வச்சுப் பாடம் நடத்துனவர். அப்புறம் ரசல் டிக்ஸ்னு ஒரு சாப்ளின் வந்தார், ஒவ்வொரு விசிட் முடிஞ்சதும் அங்க பேசினத வார்த்தைக்கு வார்த்தை எழுதி வச்சுப் பாத்தார். அதான் வெர்பேட்டிம். கேபட்டும் டிக்ஸும் சேர்ந்து 1936ல நோயாளிகள சந்திக்கறதப் பத்தி ஒரு புஸ்தகமே போட்டாங்க. இன்னைக்கு கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்னு சொல்ற பயிற்சியில ஒரு யூனிட்னா அமெரிக்கக் கணக்குல 400 மணி நேரம், அதுல பெரும்பகுதி வார்டுல, மிச்சம் உக்காந்து இந்த மாதிரிப் பேப்பர்கள அலசறது.

எழுதற விதம் சொல்றேன். நோயாளி முன்னாடி நோட்டு எடுக்கவே கூடாது. வெளிய வந்து அன்னைக்கே எழுதணும், ஒரு ராத்திரி தூங்கி எழுந்தா நம்ம மனசு நம்மள நல்லவனா மாத்தி எழுதிடும். பேர் போடாதீங்க, ரூம் நம்பர் போடாதீங்க. பேச்ச நம்பர் போட்டு எழுதுங்க, மௌனம், பெருமூச்சு, கை என்ன பண்ணுச்சு, எல்லாம். கிளாஸ்ல அலசி முடிச்ச பிறகு பேப்பரக் கிழிச்சுப் போட்டுடுங்க. ஒரு பேப்பர்ல இருந்து கொஞ்சம் காட்டுறேன், அடையாளமெல்லாம் மாத்தியிருக்கேன், 'அ'ன்னா படுத்திருக்கற அம்மா, 'பா'ன்னா பாக்கப் போன நம்ம பையன்:

அ1: வாங்க தம்பி. நாளைக்குக் காலையில ஆபரேஷன்.
பா1: ஆமாம்மா, கேள்விப்பட்டேன். நல்ல டாக்டர்னு சொன்னாங்க.
அ2: நல்லவர்தான். (ஜன்னலப் பாக்கறாங்க.) என் தங்கச்சியும் இதே ஆபரேஷனுக்குத்தான் போனா.
பா2: இப்பலாம் மெடிக்கல் ரொம்ப முன்னேறிடுச்சும்மா.
அ3: ம்ம். (போர்வை நுனிய மடிச்சு மடிச்சு விடறாங்க.)
பா3: ஒரு சங்கீதம் வாசிக்கட்டுமா?
அ4: வாசிங்க தம்பி.

எழுதிட்டு வந்த பையனுக்கு இது நல்ல விசிட், சங்கீதம் வாசிச்சாச்சு, ஜெபம் பண்ணியாச்சு, அம்மா தேங்க்ஸ் சொன்னாங்க. நான் அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன், "அ2ல அந்த அம்மா 'போனா'ன்னு சொன்னாங்க, திரும்பி வந்தாளான்னு சொன்னாங்களா?" பேப்பரையே பாத்துட்டு இருந்தான். "அந்த வரி கேட்டப்போ உனக்கு வயித்துக்குள்ள என்ன ஆச்சு?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "தங்கச்சி செத்துட்டாங்கன்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன் ஐயா"ன்னான். அவ்வளவுதான் பாடம். அந்த அம்மா கதவத் திறந்து வச்சாங்க, இவன் மெடிக்கல் முன்னேற்றத்த வச்சு சாத்திட்டான், அப்புறம் சாத்தின கதவு மேல சங்கீதத்த மாட்டிட்டான். அவங்க போர்வைய மடிக்க ஆரம்பிச்சாங்க. பா2ல என்ன சொல்லியிருக்கலாம்? பெருசா ஒண்ணும் வேண்டாம், "உங்க தங்கச்சியும்..."னு அவங்க சொன்னதையே திருப்பி சொல்லிட்டு நிறுத்தியிருந்தா போதும்.

நல்லவேளையா அது அதே நாள் மத்தியானம், ஆபரேஷனுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. சாயங்காலம் திரும்பிப் போனான். "அம்மா, காலையில தங்கச்சியப் பத்தி சொன்னீங்க, நான் கேக்காமப் போயிட்டேன், இப்ப சொல்றீங்களா?"ன்னு கேட்டானாம். முக்கா மணி நேரம் அவன் வாயே திறக்கல, அந்த அம்மாதான் பேசினாங்க. இத ஏன் சொல்றேன்னா, தப்பு விட்டா திரும்பிப் போகலாம், தொண்ணூறு சதவீதம் பாஸ்டர்கள் கூச்சத்துல போறதில்ல. அந்தத் தொண்ணூறு என் வாய்க்கு வந்த கணக்கு, ஆராய்ச்சி இல்ல.

ஜெபம்

ஜெபம் வேண்டாம்னு நான் சொல்லல, ஒளிஞ்சுக்கற ஜெபம் வேண்டாம்னு சொல்றேன். "எதுக்காக ஜெபிக்கட்டும்?"னு கேளுங்க, பதில் உங்களத் தூக்கிவாரிப் போடும், கேன்சர்ல படுத்திருக்கறவர் "என் பொண்டாட்டி சரியா தூங்கணும்"பார். அவர் சொன்ன வார்த்தையையே போட்டு நாலு வரி ஜெபிங்க, போதும். ஜெபத்துக்குள்ள அட்வைஸ ஒளிச்சு வைக்காதீங்க, "ஆண்டவரே இந்தச் சகோதரருக்குப் பொறுமையத் தாரும்"னா அவருக்குக் கேக்கறது "நீ பொறுமையில்லாதவன்". ஆமென் சொன்ன உடனே எழுந்திருக்காதீங்க, இது ரொம்ப முக்கியம், ஜெபம் முடிஞ்ச ரெண்டு நிமிஷத்துலதான் "பாஸ்டர், ஒண்ணு சொல்லணும்"னு வரும்.

கடவுள் மேல கோவமா இருக்கறவர்கிட்ட கடவுளுக்கு வக்கீலாப் போகாதீங்க. எண்பத்தெட்டாம் சங்கீதத்த வாசிச்சுப் பாருங்க, முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் ஏறவே ஏறாத சங்கீதம் அது, வெளிச்சம் இல்லாமலே முடியுது, அதையும் வேதத்துல விட்டு வச்சிருக்காங்கள்ல. குணமாயிடும்னு உறுதி குடுக்காதீங்க, மாத்திரைய நிறுத்துங்கன்னு எந்தக் காலத்துலயும் சொல்லாதீங்க. வேற நம்பிக்கை உள்ளவங்க, நம்பிக்கையே இல்லாதவங்க கட்டில்ல அவங்க கேக்காம ஜெபிக்காதீங்க, படுத்திருக்கறவரால எழுந்து ஓட முடியாதுங்கறத வச்சு சுவிசேஷம் சொல்றது எனக்குப் பிடிக்காத விஷயம், இதுல என்கூட சண்டை போடறவங்க இருக்காங்க, போடட்டும்.

அடக்கம் முடிஞ்ச பிறகு

1942 நவம்பர்ல பாஸ்டன்ல கோகனட் குரோவ்னு ஒரு நைட் கிளப்ல தீப்பிடிச்சு 492 பேர் செத்தாங்க. தப்பிச்சவங்க, சொந்தத்த இழந்தவங்க, இவங்களயெல்லாம் எரிக் லின்டமன்ங்கற மனநல டாக்டர் கூட இருந்து கவனிச்சு, அதோட வேற துக்கக் கேஸ்களையும் சேர்த்து 1944ல ஒரு கட்டுரை எழுதினார். துக்கம் உடம்புல எப்படி வருதுன்னு அவர் எழுதினத இன்னைக்கும் நான் கிளாஸ்ல சொல்றேன்: தொண்டை இறுகுறது, பெருமூச்சு, வயித்துல ஒரு வெறுமை, கை கால்ல தெம்பு இல்லாம போறது, அதுவும் அலையலையா வந்து இருபது நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஆட்டிட்டுப் போறது. கூடவே குற்ற உணர்ச்சி, யார் மேலயோ எரிச்சல். ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது, துக்கப்படற வேலைய அவங்க செஞ்சு முடிக்கத் துணை வேணும்னு அந்தக் கட்டுரை போதகர்களையும் சேர்த்தே சொல்லுது. எட்டு நாள் கழிச்சு வீட்டுக்குப் போனா உங்க மேல எரிஞ்சு விழுந்தாங்கன்னா, இது உங்கள இல்ல, இது துக்கம்னு புரிஞ்சுக்கங்க.

சாவ எதிர்கொள்றதுல அஞ்சு ஸ்டேஜ்ங்கற கதைய எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, மறுப்பு, கோவம், பேரம், சோர்வு, ஏத்துக்கறது. எலிசபெத் கூப்ளர் ராஸ்ங்கற மனநல டாக்டர் 1969ல எழுதினது, சாகப் போறவங்ககிட்ட பேசி எழுதினது. அந்தப் பேச்சே 1965ல சிகாகோவுல நாலு இறையியல் மாணவர்கள் அந்த டாக்டர்கிட்ட உதவி கேட்டுப் போனதுலதான் ஆரம்பிச்சது, நம்ம பசங்கதான். ஆனா அத படிக்கட்டு மாதிரி வச்சுகிட்டு "இவங்க இன்னும் மூணாவதுல இருக்காங்க"ன்னு மார்க் போடாதீங்க, ஒரே மத்தியானத்துல அஞ்சும் வந்துட்டுப் போகும்.

செய்ய வேண்டியது ரொம்ப எளிசு, காலண்டர். அடக்க ஆராதனை முடிஞ்ச அன்னைக்கே போன்ல ரிமைண்டர் போடுங்க, மூணாவது வாரம், மூணாவது மாசம், இறந்தவரோட பொறந்த நாள், முதல் வருஷ நினைவு நாள். மூணாவது வாரம் ஏன்னா சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பி வீடு காலியாகற நேரம் அது. போனா இறந்தவர் பேரச் சொல்லிப் பேசுங்க, பேரச் சொன்னா அழுவாங்களோன்னு எல்லாரும் தவிர்க்கறாங்க, அவங்களுக்கு அந்தப் பேரக் கேக்கணும் போல இருக்கும். குழந்தைங்ககிட்ட "தாத்தா தூங்குறார்"னு சொல்லாதீங்க, அன்னைக்கு ராத்திரில இருந்து அது தூங்க பயப்படும். செத்துட்டார், உடம்பு வேல செய்யல, திரும்பி வர மாட்டார், நேராச் சொல்லுங்க, மடியில வச்சுகிட்டுச் சொல்லுங்க.

ரகசியம் காக்கக் கூடாத இடம்

"பாஸ்டர், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்புறம்தான் சொல்லுவேன்"னு யாராச்சும் ஆரம்பிச்சா பண்ணாதீங்க. "உங்க உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்துன்னா நான் தனியா வச்சுக்க முடியாது, மத்ததெல்லாம் என்னோடயே இருக்கும்"னு முன்னாடியே சொல்லிடுங்க. அப்பவும் பெரும்பாலும் சொல்லத்தான் செய்வாங்க, சொல்லணும்னுதான வந்திருக்காங்க.

"வாழ்ந்து என்ன பிரயோஜனம்"ங்கற தொனி வந்தா சுத்தி வளைக்காம, "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கறீங்களா?"ன்னு அந்த வார்த்தையவே போட்டுக் கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்த நாமளே குடுத்த மாதிரி ஆயிடும்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது, கேட்டதுமே பாதி பேருக்கு மூச்சு வரும். ஆமான்னா, எப்படின்னு யோசிச்சு வச்சிருக்காங்களா, அதுக்கான பொருள் கையில இருக்கான்னு கேளுங்க, தனியா விடாதீங்க, அந்தப் பொருள அப்புறப்படுத்த வீட்டாள் ஒருத்தர வச்சுக்கங்க, டாக்டர்கிட்டயோ எமர்ஜென்சிக்கோ கூடவே போங்க. ஜெபம் பண்ணி வீட்டுக்கு அனுப்பி வச்சிடாதீங்க.

பிள்ளைகள யாராச்சும் தொந்தரவு பண்றாங்கன்னு தெரிஞ்சா அது சபைக் கமிட்டி வச்சுத் தீக்கற விஷயம் கிடையாது, யாருக்குத் தகவல் குடுக்கணும், எத்தன மணி நேரத்துக்குள்ளன்னு உங்க இடத்துச் சட்டத்த முன்கூட்டியே தெரிஞ்சு வச்சிருங்க. அடி வாங்கற மனைவிகிட்ட "பொறுத்துப் போம்மா"ன்னு சொன்ன ஒவ்வொரு பாஸ்டரும் அடுத்த அடியில பங்காளி. புருஷன வேற கூப்பிட்டு "நீ அடிக்கிறியாமே"ன்னு விசாரிச்சிட்டு வீட்டுக்கு அனுப்புனா அன்னைக்கு ராத்திரி என்ன நடக்கும்னு யோசிங்க.

இன்னொண்ணு, கவுன்சிலிங்னு ஒருத்தர நாலஞ்சு தடவைக்கு மேல பாக்க வேண்டி வந்தா தெரிஞ்ச டாக்டரோ கவுன்சிலரோ இருக்கற லிஸ்ட எடுங்க. கதவுல கண்ணாடி இருக்கற ரூம், நடுராத்திரி மெசேஜுக்குப் பதில் போடாம இருக்கறது, பணக் கொடுக்கல் வாங்கல் இல்லாம இருக்கறது, இதெல்லாம் வெறும் ஜாக்கிரதைன்னு நினைக்காதீங்க. வர்றவங்க உடைஞ்சு போய் வர்றாங்க, அதிகாரம் முழுசா உங்க கையில இருக்கு, அத மறந்த பாஸ்டர்கள் பண்ணின நாசத்த நான் ரெண்டு மூணு சபையில அள்ளிப் போட்டிருக்கேன்.

உங்க சொந்தப் பொழப்பு

வெய்ன் ஓட்ஸ்னு ஒருத்தர், 1917ல ஏழைக் குடும்பத்துல பொறந்தவர், பாஸ்டரா இருந்து, அப்புறம் லூயிவில் செமினரியில பல வருஷம் பாஸ்டரல் கேர் வாத்தியார், அதுக்கும் பிறகு மெடிக்கல் காலேஜ்ல. வேலைப் பைத்தியத்த வொர்க்ககாலிக்னு இன்னைக்கு எல்லாரும் சொல்றோமே, அந்த வார்த்தைய ஊரெல்லாம் பரப்பி 1971ல அத வச்சே புஸ்தகம் எழுதினவர் அவர்தான், வேற யாரையும் இல்ல, தன்னைத்தான் சொன்னார். அவரோட அஞ்சு வயசுப் பையன் அப்பாகிட்ட பேசணும்னா அப்பாயின்ட்மென்ட் வேணும்னு கேட்டானாம். ஊருக்கெல்லாம் காது குடுக்கச் சொல்லித் தந்த மனுஷன் வீட்டுல.

எனக்கும் அந்தக் கதை இருக்கு. மகளோட ஸ்கூல் நாடகத்துக்குப் போகாம ஒரு அடக்கத்துக்குப் போனேன், அது தப்பில்ல, சாவு நேரம் பாத்து வராது. அடுத்த ரெண்டு வாரமும் லீவு எடுக்கல, அதான் தப்பு. இப்ப வாரத்துல ஒரு நாள் போன் என் மனைவிகிட்ட இருக்கும், சாவுன்னா மட்டும் குடுப்பா. மோசேயோட மாமனார் மருமகன் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பஞ்சாயத்து பண்றதப் பாத்துட்டு நீர் செய்யறது நல்லதில்ல, தொய்ஞ்சு போயிடுவீர்னு சொன்னாரே, அந்த மாதிரி சொல்ல ஒரு ஆளு உங்களுக்கும் வேணும். சபைக்கு வெளிய இருக்கற ஒருத்தர், மாசம் ஒரு தடவ, உங்க பேப்பரப் படிச்சிட்டு "இங்க ஏன் ஓடுனீங்க?"ன்னு கேக்கற ஒருத்தர்.

இத கத்துக்குடுக்கப் போறவங்களுக்கு

உங்க வெற்றிக் கதைய கிளாஸ்ல சொல்லாதீங்க, பசங்க அத காப்பி அடிப்பாங்க. நான் முதல் கிளாஸ்ல அந்தப் பெரியவர் விசிட்ட, ஞாபகத்துல இருந்து எழுதின பேப்பர, எல்லாருக்கும் குடுத்துட்டு, அலசுங்கன்னு சொல்லிட்டு உக்காந்துடுவேன். முதல்ல வாத்தியார் பேப்பர்ங்கறதால மரியாதையாப் பேசுவாங்க, பத்து நிமிஷத்துல ஒரு தைரியசாலி "ஐயா, நீங்க நின்னுகிட்டே இருந்தீங்களா?"ன்னு கேப்பான், அப்புறம் பிடிச்சு உலுக்கிடுவாங்க. குரூப் அஞ்சாறு பேருக்கு மேல வேண்டாம், பெரிய கூட்டத்துல யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்க. அழுதா அழட்டும், டிஷ்யூவ அவசரமா நீட்டாதீங்க, அதுவும் ஒரு விதமான வாய மூடுன்னு சொல்றதுதான், கைக்கு எட்டற இடத்துல வச்சா போதும்.

முதல் பேப்பர் எழுதப் போறவங்களுக்கு, பக்கத்துல வலது பக்கம் மூணு விரல் அகலத்துக்கு இடம் விட்டு எழுதுங்க. ஒவ்வொரு பா வரிக்கும் நேரா அந்த நிமிஷம் உங்களுக்கு உள்ள என்ன ஓடுச்சுன்னு ஒரு வார்த்தை அங்க போடணும், பயம், சலிப்பு, பசி, பெருமை, எதுவா இருந்தாலும். எழுதி முடிச்சுத் திரும்பப் படிக்கும்போது ஒரு வரிய மட்டும் அழிச்சிடலாமான்னு கை போகும் பாருங்க, அந்த வரிக்குக் கீழ ஒரு கோடு போட்டு வியாழக்கிழமை கிளாஸுக்கு அப்படியே கொண்டு வாங்க.